பேயின் மொழி: பேயோட்டும் காட்சிகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

திகில் படங்களில் வரும் பேயோட்டும் காட்சிகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியே பேசுகிறோம்: திருகும் கழுத்து, விரிந்த கூந்தல், காற்றில் அணையும் விளக்கு. காதில் விழுவது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஆனால் அந்தக் காட்சியின் எலும்புச்சட்டகம் ஓர் உரையாடல்தான். ஒருவர் கேட்கிறார், மற்றொருவர் பதில் சொல்கிறார். நீ யார், எங்கிருந்து வந்தாய், உனக்கு என்ன வேண்டும், எப்போது போவாய் என்ற நான்கு கேள்விகளைச் சுற்றியே உலகெங்கும் இக்காட்சி அமைகிறது. பதில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. ஆனால் அது அவளுடைய பதிலன்று என்பது சுற்றி நிற்போர் அனைவரும் ஏற்றுக்கொண்ட உடன்பாடு.

இந்த உடன்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. பேய் எந்த மொழியில் பேசுகிறது? அதன் குரல் யாருடையது? பேய் பேசி முடித்த பிறகு அந்தப் பெண்ணின் பேச்சு என்ன ஆகிறது? இம்மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு, சங்கப் பாடல்களில் தொடங்கித் திரையரங்கு வழியாக நீதிமன்றம் வரை சென்று பார்க்கலாம்.

1. வெறியாட்டு: தவறிப்போன நோய்க்கணிப்பு

தமிழில் இத்தகைய காட்சியின் மிகப் பழைய வடிவம் குறிஞ்சித்திணைப் பாடல்களில் வரும் வெறியாட்டு. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, மேனி பசக்கிறது. தாய் கவலைகொண்டு கட்டுவிச்சியிடமும் வேலனிடமும் குறி கேட்கிறாள். வேலன் கழங்கு போட்டுப் பார்த்து, இது முருகு அணங்கியதால் வந்த நோய் என்கிறான். இரவில் களம் இழைத்து, மறியைப் பலியிட்டு, வேலன் வெறியாடுகிறான். முருகு பேயன்று, வேலன் அதை விரட்டுவதுமில்லை, வழிபட்டுத் தணிவிக்கிறான். ஆகவே இதைப் பிற்காலப் பேயோட்டலோடு அப்படியே ஒன்றாக்கிவிடக் கூடாது. எனினும், நோயுற்ற பெண், கவலையுறும் குடும்பம், நோயின் பெயரைச் சொல்லும் அதிகாரம் பெற்ற ஆண் என்ற முக்கோணம் அப்போதே முழுமையாக அமைந்துவிட்டது.

இப்பாடல்களின் சுவை ஓர் இடைவெளியில் இருக்கிறது. நோய்க்குக் காரணம் காதல் என்பது தலைவிக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், கேட்கும் நமக்கும் தெரியும். தாய்க்கும் வேலனுக்கும் மட்டும் தெரியாது. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் கபிலர் இந்தத் துறைக்கு மட்டும் ஒரு பத்தை ஒதுக்கியிருக்கிறார். வெறிப்பத்து என்றே அதற்குப் பெயர். நற்றிணை 34-இல் தோழி வேலனை விட்டுவிட்டு முருகனையே கடிந்துகொள்கிறாள்: இந்த நோய் தன்னால் வந்ததன்று என்று தெரிந்தும் வெறிக்களத்துக்கு வந்த கடவுள் அறியாமை உடையவர்தாமே என்று கேட்கிறாள். அகநானூறு 22-இல் தலைவன் இரவில் வந்து சேர, தலைவியின் துயர் தீர்கிறது. அதற்கும் தனக்கும் தொடர்பே இல்லாத வேலனுக்காக நடந்ததையெல்லாம் எண்ணி அவள் சிரிக்கிறாள். அப்பாடலைப் பாடிய பெண்பாற்புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் பெற்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெறிக்களத்தில் தலைவியை யாரும் எதுவும் கேட்பதில்லை. வேலன் பேசுகிறான், தாய் பேசுகிறாள், ஊர் பேசுகிறது. உண்மையைத் தோழி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரபு அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்திருக்கிறது. நோயாளியின் உண்மையை வெளியே கொண்டுவருவதை 'அறம்' என்ற சொல்லால் குறித்த மரபு நம்முடையது.

2. 'பிடித்தல்' என்ற வினை

மொழியியல் மாணவர்களுக்காக ஒரு சிறு விலகல். தெய்வத்துக்கும் பேய்க்கும் தமிழ் வெவ்வேறு வினைகளை வைத்திருக்கிறது. சாமி வரும், இறங்கும், ஏறும்; வேலை முடிந்ததும் மலையேறும். பேய் பிடிக்கும், அடிக்கும். அதை ஓட்ட வேண்டும், விரட்ட வேண்டும். சாமி தன் விருப்பப்படி வந்து தன் விருப்பப்படி போகும். பேய் போவதற்குப் பிறர் ஒருவர் செயப்படுபொருளாக்க வேண்டும். நடுங்கும் உடலும் அவிழ்ந்த கூந்தலும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். எந்த வினையைப் பயன்படுத்துவது என்பதை ஊர் முடிவு செய்கிறது. அந்த முடிவில் சாதி, பால், வயது, மணநிலை எல்லாம் பங்கெடுக்கின்றன.

'அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது' என்ற வாக்கியத்தை 'அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது', 'அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது' ஆகியவற்றோடு வைத்துப் பாருங்கள். அவள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறாள். ஒன்று அவளுக்கு நேர்கிறது. இப்போது 'அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது' என்ற வாக்கியத்தையும் பக்கத்தில் வையுங்கள். அதே நான்காம் வேற்றுமை, அதே வினை. மாறியது ஒன்றுதான்: முன்னதில் பேய் எழுவாயாக வந்து பிடிக்கிறது, பின்னதில் 'அவன்' இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறான். வெறியாட்டில் தாய் செய்த பிழையை இந்த ஒரு வினைக்குள்ளேயே காட்டிவிடலாம்.

திணையும் இதில் வருகிறது. மக்கள், தேவர், நரகர் ஆகிய மூவரையும் நன்னூல் உயர்திணையில் வைக்கிறது. பேய் அப்பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. வழக்கில் அது அஃறிணை முடிபே கொள்கிறது. ஆகவே ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவானதும், அவள் வாயிலிருந்து வரும் சொற்களுக்கு எழுவாய் மாறிவிடுகிறது. 'அவள் சொல்கிறாள்' என்பது 'அது சொல்லுகிறது' என்றாகிறது. ஒரு குடும்பத்தில் இளம்பெண் ஒருத்தி மாமனார் முகத்துக்கு நேரே கத்தினால் அது குற்றம். 'அது' கத்தினால் நோய். இந்த இலக்கண மாற்றம் அவளைக் காப்பாற்றுகிறது. அதே மாற்றம், அவள் சொன்னது அவளுடையதன்று என்றும் ஆக்கிவிடுகிறது.

தென்னார்க்காட்டின் செஞ்சிப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 1997-இல் வெளியிட்ட கட்டுரையும், பின்னர் 2000-இல் வந்த அவரது நூலும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அவர் கண்ட வகையில் பேய் பிடித்தவர்களில் பலர் புதிதாக மணமான பெண்கள்; பிடித்த பேய்கள் பெரும்பாலும் காதல் நிறைவேறாமல் அகாலமாக இறந்த இளைஞர்கள். பம்பை முழங்க, பேயின் பெயரும் ஊரும் இறந்த கதையும் கேட்டுப் பெறப்படுகின்றன. இறுதியில் அப்பெண் கல்லொன்றைச் சுமந்தபடி புளியமரத்தை நோக்கி ஓட வேண்டும். அவள் கூந்தலின் ஒரு கற்றை வெட்டப்பட்டு மரத்தில் ஆணியால் அடிக்கப்படுகிறது. பேய் மரத்தில் தங்கிவிடுகிறது. பெண் கணவன் வீட்டுக்குத் திரும்புகிறாள். நபோகோவின் வாசிப்பில் அச்சடங்கின் உள்நோக்கம் காதலனை விரட்டி மனைவியை மீட்பது. சங்கத் தாய் வேலனை அழைத்தாள். இங்கே புகுந்த வீடு பம்பைக்காரரை அழைக்கிறது. தோழி மட்டும் இல்லை.

3. ரோமிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை: அறியா மொழி

மேற்குலகத் திகில் படத்தின் பேயோட்டலுக்கு ஓர் எழுத்துச் சட்டம் இருக்கிறது. திருத்தந்தை ஐந்தாம் பவுல் காலத்தில் 1614-இல் வெளிவந்த ரோமானியச் சடங்கு நூல், ஒருவரைப் பேய் பிடித்திருப்பதற்கான அடையாளங்களைச் சொல்லும்போது முதலில் வைப்பது மொழியைத்தான்: தாம் அறியாத மொழியில் நெடுநேரம் பேசுவது, அல்லது அம்மொழியில் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வது. மறைவானவற்றை அறிந்து சொல்வதும், வயதுக்கு மீறிய வலிமையும் அதற்கடுத்தே வருகின்றன. பேயோட்டும் குரு முதலில் ஒரு மொழித்தேர்வாளராக இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இந்தத் தேர்வு எப்போதும் எளிதாக முடியவில்லை. பிரான்சின் லூதான் நகரத்தில் 1630-களில் கன்னியர் மடத்தைப் பேய்கள் பிடித்ததாகச் சொல்லப்பட்டது. அப்பேய்களின் லத்தீனில் இருந்த இலக்கணப் பிழைகளை அக்காலத்தவரே கேலி செய்தனர். குற்றம் சாட்டப்பட்ட குருவான உர்பேன் கிராந்தியே அவற்றைக் கிரேக்கத்தில் கேள்வி கேட்க முயன்றபோது, கிரேக்கம் பேசக் கூடாதென்று ஒப்பந்தம் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தச் சமாளிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. 1634 ஆகஸ்டு 18 அன்று கிராந்தியே எரிக்கப்பட்டார். பேயின் மொழித்திறன் ஐயத்துக்குரியதாக இருந்தும், அதன் சாட்சியம் ஒரு மனிதனைக் கொல்லப் போதுமானதாக இருந்தது.

1973-இல் வெளிவந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' இந்தச் சட்ட மரபை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அதன் மூலநாவலை 1971-இல் எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டிக்குத் தூண்டுதலாக இருந்தது, 1949-இல் வாஷிங்டன் அருகே ஒரு சிறுவனைப் பற்றி வந்த செய்தி. நாவலில் சிறுவன் சிறுமியானான். படத்தில் உளமருத்துவரும் குருவுமான கராஸ் சிறுமியிடம் லத்தீனில் கேள்வி கேட்கிறார். பள்ளிப் பாடநூல் பிரெஞ்சில் குறும்பான பதில் வருகிறது. பதிவுசெய்த ஒலிநாடாவைப் பல்கலைக்கழக மொழி ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்கிறார். அங்கே தெரிய வருவது: புரியாத மொழி என்று எண்ணியது, பின்னோக்கிப் பேசப்பட்ட ஆங்கிலம். உலகின் புகழ்பெற்ற பேய்ப்படத்தின் திருப்புமுனைகளில் ஒன்று மொழி ஆய்வகத்தில் நடக்கிறது என்பதில் நம் துறையினர் சிறிது பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் கராஸுக்கு அதனால் பயனொன்றும் விளைவதில்லை. ஆய்வுக்கூடம் ஒலியைத் தலைகீழாக்கித் தருகிறது. அந்தச் சிறுமி எங்கே இருக்கிறாள் என்று சொல்லவில்லை.

4. நாகவல்லியிலிருந்து மஞ்சுலிகா வரை: அண்டை மொழி

ரோமின் பேய் அறியா மொழியில் பேசியது. நம் நாட்டுத் திரைப்பேய் வேறு விதமானது. அது அண்டை வீட்டு மொழியில் பேசுகிறது.

1993-இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. கேரளத்து மாளிகையில் கங்கா தன்னைத் தஞ்சாவூர் நடனப்பெண் நாகவல்லியாக உணர்கிறாள். நாகவல்லி பேசுவது தமிழ். 2004-இல் பி. வாசு கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக எடுத்தபோது நாகவல்லி தெலுங்கு பேசினாள். 2005-இல் அவரே தமிழில் 'சந்திரமுகி'யை எடுத்தார். தெலுங்குப் பாட்டும் தெலுங்குப் பேச்சும் தொடர்ந்தன. அப்படம் தெலுங்குக்கு மொழிமாற்றம் செய்யப்பட்டபோது சிக்கல் எழுந்தது: எல்லாரும் தெலுங்கு பேசும் வீட்டில் பேய் தெலுங்கு பேசினால் அது எப்படி வேற்றாள் ஆகும்? ஆகவே அங்கே அந்தப் பாட்டு தமிழாக மாறியது. 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார். மஞ்சுலிகா வங்காளி ஆனாள்.

கதை ஒன்றே, பேயின் மொழி மட்டும் எல்லைதோறும் மாறுகிறது. மாற்றத்துக்கு ஒரு விதி இருக்கிறது. பார்வையாளருக்கு முற்றிலும் தெரியாத மொழியாக அது இருப்பதில்லை. 'ரா ரா' என்றால் வா வா என்று அழைக்கிறாள் என்பது அகராதி இல்லாமலே தமிழருக்குப் புரியும். பாதி புரிய வேண்டும், பாதி புரியக் கூடாது. நம்மவள் என்றும் நம்மவள் இல்லை என்றும் ஒரே நேரத்தில் தோன்ற வேண்டும். வீட்டுக்குள் வாழவந்த மருமகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இந்த அச்சம் அந்த மொழிக்காரரிடம் செல்லுபடியாவதில்லை. இங்கே டெல்லியில் விடுதித் தோழர்களோடு 'பூல் புலையா' பார்த்தபோது, இந்தி பேசுவோர் மூச்சைப் பிடித்துக்கொண்ட இடத்தில் வங்காளத் தோழி ஒருத்தி உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். 'மணிச்சித்திரத்தாழ்' பார்க்கும் தமிழருக்கும் நாகவல்லியின் தமிழில் திகிலை விடத் துயரமே மிகுதியாகக் கேட்கிறது. தன் தாய்மொழியில் பேசும் பேய் வெறும் துன்பப்பட்ட பெண்.

ஏன் நடனப்பெண்? ஏன் தஞ்சாவூர்? இதற்கு வரலாற்றில் இடமிருக்கிறது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளின் அவைக்குச் சென்றவர். தஞ்சையிலிருந்து கேரள அரண்மனைகளுக்கு இசையும் நடனமும் போன வழி கற்பனையன்று. தஞ்சையிலும் நாயக்கர் காலம் முதல் ஆடலரங்கின் பாடல்மொழிகளில் தெலுங்கு முதன்மை பெற்றிருந்தது. க்ஷேத்ரக்ஞரின் பதங்களைப் பரம்பரை பரம்பரையாகக் காத்தவர்கள் அந்த ஆடல்மகளிர். 1947-இன் சென்னை மாகாணச் சட்டம் தேவதாசி முறையை ஒழித்தது. முறை ஒழிய வேண்டியதே. ஆனால் அந்தப் பெண்கள் எங்கே போனார்கள், அவர்கள் காத்த மொழியும் பாட்டும் யார் கைக்குச் சென்றன என்ற கேள்விகளை நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பூட்டிய தெக்கினியில், பூட்டிய அறையில், பழைய சலங்கையோடு அந்தக் கேள்வி காத்திருந்தது என்று இப்படங்களை வாசிக்க இடமிருக்கிறது. நல்ல குடும்பத்து மருமகளின் உடலில், அக்குடும்பம் மறக்க விரும்பிய பெண் திரும்பி வருகிறாள்.

5. குரல் யாருடையது?

'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தில் சிறுமியாக நடித்தவர் லிண்டா பிளேர். பேயின் குரலைக் கொடுத்தவர் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ், 1949-இன் 'ஆல் தி கிங்ஸ் மென்' படத்துக்காக ஆஸ்கர் பெற்ற நடிகை. பச்சை முட்டையை விழுங்கியும் விடாமல் புகைத்தும் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு அக்குரலை உருவாக்கினார். படம் முதலில் வெளியானபோது பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் எதிர்த்து நின்ற பிறகே சேர்க்கப்பட்டது.

'மணிச்சித்திரத்தாழ்' படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர் ஷோபனா. கங்காவுக்கு டப்பிங் குரல் பாக்யலட்சுமியுடையது. நாகவல்லியின் குரலும் அவருடையது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. நாகவல்லியின் தமிழுக்குக் குரல் கொடுத்தவர் தமிழ் டப்பிங் கலைஞர் துர்கா என்பதை ஃபாசில் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படையாகச் சொன்னார்.

இரு படங்களுக்கும் இடையே இருபது ஆண்டுகளும் ஒரு பெருங்கடலும் இருக்கின்றன. இரண்டிலும் ஓர் உடலுக்குள் பேசிய இன்னொரு பெண் பெயரில்லாமல் இருந்தாள். பேய்ப்படங்கள் சொல்லும் கதை அவற்றின் ஒலிப்பதிவுக்கூடத்திலும் நடந்திருக்கிறது.

6. மருத்துவரும் தந்திரியும், அதன் பின்னரும்

'மணிச்சித்திரத்தாழ்', 'சந்திரமுகி' இரண்டிலும் பேய் இல்லை. பிளவுண்ட மனம்தான் இருக்கிறது. எனினும் உளமருத்துவர் மருந்துச்சீட்டு எழுதிவிட்டு விலகுவதில்லை. பேயோட்டியோடு சேர்ந்து ஒரு சடங்கைத் திட்டமிடுகிறார். நாகவல்லி கேட்கும் பழிக்கு இடம் தரப்படுகிறது: கணவன் படுத்திருக்கும் பலகை சுழன்று, அவனுக்குப் பதில் பொம்மை வருகிறது, அவள் அதை வெட்டுகிறாள். உண்மையை மருத்துவர் அறிவார், ஆனால் அதைச் சடங்கின் மொழியில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சங்கப்பாடலில் தோழிக்கு இருந்த இடம் இங்கே மருத்துவருக்குக் கிடைக்கிறது. ஒரு வேறுபாடு: தோழி தலைவியின் விருப்பத்தைக் காப்பாற்றப் பேசினாள், மருத்துவர் மனைவியைக் கணவனிடம் சேர்க்கப் பேசுகிறார். பதினெட்டாம் படியில் நின்று பார்த்தால் செஞ்சியின் புளியமரமும் இதே முடிவைத்தான் தந்தது.

1980-இல் அருணா ராஜேயும் விகாஸ் தேசாயும் இயக்கிய இந்திப் படம் 'கெஹராயீ' வேறொரு வழியைக் காட்டியிருந்தது. விஜய் டெண்டுல்கர் திரைக்கதையில் பங்கேற்ற அப்படத்தில், மகளைப் பிடித்த ஆவி தந்தை மறைத்த பழைய அநீதியை வீட்டார் முன்னிலையில் சொல்லிவிடுகிறது. 2011-இல் ராகவா லாரன்ஸ் 'காஞ்சனா'வில் இதை வெகுமக்கள் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை காஞ்சனாவின் ஆவி தன் கதையைத் தமிழிலேயே சொல்கிறது; கேட்ட பிறகு, பிடிபட்டவனே மனமுவந்து தன் உடலில் இடம் தருகிறான். நகைச்சுவையின் தரத்தைப் பற்றி நமக்குக் குறைகள் இருக்கலாம். ஆனால் பேயோட்டும் காட்சியை விரட்டும் இடத்திலிருந்து வழக்கைக் கேட்கும் இடமாக அது நகர்த்தியது.

பிந்தைய தொடர்ச்சிகள் வேறு திசையில் போயின. 'பூல் புலையா 2' (2022), 'சந்திரமுகி 2' (2023) இரண்டிலும் பேய் மெய்யாகவே வருகிறது. 1993-இன் உளமருத்துவ விளக்கம் முப்பதாண்டுகளில் கரைந்துவிட்டது. இதை மூடநம்பிக்கையின் வளர்ச்சி என்று ஒற்றை வரியில் முடிக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனால் மனநோயைப் பற்றிப் பேச வெகுமக்கள் சினிமா உருவாக்கிய ஒரு மொழி கைவிடப்பட்டது என்பது இழப்பே.

7. பேஷி, பயான்: டெல்லியிலிருந்து பார்க்கும்போது

டெல்லியில் உளப்பகுப்பாய்வாளராகப் பணியாற்றிய சுதீர் கக்கர் 1982-இல் வெளியிட்ட நூலில் இராஜஸ்தானின் மெஹந்திபூர் பாலாஜி கோயிலை விவரிக்கிறார். டெல்லியிலிருந்து இன்றும் திரளானோர் அங்கே செல்கிறார்கள். அங்கு நடப்பவற்றின் பெயர்களைக் கவனியுங்கள். முதலில் தர்க்காஸ்து, பிறகு அர்ஜி. பேய் வெளிப்பட்டு உடல் ஆடுவதற்குப் பேஷி என்று பெயர். நீதிமன்றத்தில் ஆஜராவதைக் குறிக்கும் சொல் அது. பேய் வாய்திறந்து சொல்வது பயான், அதாவது வாக்குமூலம். தர்க்காஸ்தும் அர்ஜியும் நம் ஊர்த் தாலுகா அலுவலகங்களில் புழங்கிய சொற்களே. டெல்லியின் ஃபிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில் வியாழக்கிழமைதோறும் மக்கள் ஜின்களுக்குக் கடிதம் எழுதி மாடங்களில் வைக்கிறார்கள். ஒரே மனுவை நகலெடுத்துப் பல மாடங்களில் வைப்பதும் உண்டு. அரசு அலுவலகங்களுக்கு எழுதும் மனுவுக்கும் அதற்குமுள்ள ஒற்றுமையை ஆனந்த் விவேக் தனேஜா தம் ஆய்வில் விரிவாகக் காட்டியிருக்கிறார். வடக்கில் ஆவியுலகம் ஒரு கச்சேரியாகக் கற்பனை செய்யப்பட்டிருக்கிறது. எங்கும் கேட்கப்படாத ஒன்று இங்காவது பதிவாகும் என்ற நம்பிக்கை அந்தச் சொற்களில் இருக்கிறது.

கோட்லாவிலிருந்து சற்றுத் தொலைவில் உச்ச நீதிமன்றம். 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. இறந்தோர் தொகை 28 ஆயிற்று. செய்தியைக் கண்டு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. முதலில் கிடைத்த எண்ணிக்கையின்படி, சங்கிலியில் பிணைக்கப்பட்ட 25 பேரின் மரணம் என்பதே அவ்வழக்கின் தலைப்பு. பதிவின்றி இயங்கும் இத்தகைய நிலையங்களை மாவட்டந்தோறும் கணக்கெடுக்கவும், மாநிலத்துக்கு ஓர் அரசு மனநல மருத்துவமனையேனும் இருப்பதை உறுதிசெய்யவும் நீதிமன்றம் பணித்தது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95-ஆம் பிரிவில், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. அந்தத் தடைக்குப் பின்னால் ஏர்வாடி இருக்கிறது.

இதைச் சொல்லி, வழிபாட்டிடங்கள் அனைத்தையும் குற்றக்கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. தமிழ்நாட்டில் முத்துசாமி என்ற தெய்வத்தின் சிறு கோயிலொன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்து, ரகுராமும் உடனாய்வாளர்களும் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே பம்பை இல்லை, சாட்டை இல்லை, தனிச் சிகிச்சைச் சடங்கும் இல்லை. குடும்பத்தார் உடனிருந்தார்கள், கோயிலின் சிறு வேலைகளில் நோயாளிகள் பங்கேற்றார்கள், யாரும் அவர்களை இழிவாக நடத்தவில்லை. குஜராத்தின் மீரா தாதார் தர்காவிலும் பின்னர் ஏர்வாடியிலும், மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த 'தவா-துவா' திட்டம் வந்தது. மருத்துவரும் தந்திரியும் ஒரே அறையில் என்ற 1993-இன் திரைக்கற்பனையை இது நினைவூட்டுகிறது. ஒரு பெரிய வேறுபாடு உண்டு: இங்கே யாரும் பேயை நடிக்க வைப்பதில்லை, வருகிறவரிடம் தூக்கம் வருகிறதா, சாப்பிட முடிகிறதா என்று கேட்கிறார்கள். அத்தகைய இடத்தைப் படமாக்கினால் எவரும் பயப்பட மாட்டார்கள். அதனால்தான் அது நம் திரையில் வருவதில்லை.

தமிழ், மொழியியல், மானிடவியல், திரைப்பட ஆய்வு ஆகிய துறைகளில் ஆய்வுத்தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேயோட்டும் சடங்குகளில் நிகழும் கேள்வி-பதில்களின் மொழித்தரவு நமக்கு மிகவும் தேவை: எந்தக் கட்டத்தில் 'அவள்' 'அது' ஆகிறாள், எப்போது மீண்டும் 'அவள்' ஆகிறாள், வட்டார வழக்கு மாறுகிறதா, மரியாதை விகுதிகள் என்ன ஆகின்றன என்பனவற்றைப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்யும்போது அந்தப் பெண்ணின் ஒப்புதலை, சடங்கு முடிந்து அவள் தெளிந்த பிறகு, தனியே கேட்டுப் பெறுங்கள். கணவரின் ஒப்புதலோ பூசாரியின் ஒப்புதலோ போதாது. பெற்ற பிறகு ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துவிட்டு, உனக்கு என்ன செய்கிறது என்று அவளிடம் கேளுங்கள். வெறிக்களத்திலும் புளியமரத்தடியிலும் திரையிலும் பேயிடமே கேட்கப்பட்டு வந்த கேள்வி அது.